வரவிருப்போர் இருக்கை

வேலங்காட்டுப்புதூர் பேரூராட்சியில் சாலை, மனை, பொதுநிலக் குழு கூடும்போதெல்லாம், மேசையின் கோடியில் இருக்கும் காலி நாற்காலிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் எல்லோரும் உட்காருவார்கள். காலி என்று சொல்லக் கூடாது. அது வரவிருப்போர் இருக்கை. ஊரில் இன்னும் பிறக்காதவர்கள் அதில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது சட்டம். சட்டம் சொல்லிவிட்டால் அப்புறம் என்ன, உட்கார்ந்துதான் இருப்பார்கள். பிறந்து வளர்ந்து ஓட்டு வாங்கி ஜெயித்த உறுப்பினர்களே பாதி நாள் வராத ஊரில், பிறக்காதவர்கள் மட்டும் ஒரு கூட்டத்தையும் தவறவிட்டதில்லை.

நாற்காலியின் மேல் ஒரு சொம்பு அளவுக்குக் கருவி ஒன்று இருக்கும். வருகுரல் என்று அதற்குப் பெயர். ஊராருடைய மரபணுப் பதிவு, கல்யாணப் பதிவு, சம்பளம், வாடகை, கிணற்று நீர்மட்டம் எல்லாவற்றையும் மாதம் ஒருமுறை வாங்கிக்கொண்டு, நாற்பது வருஷம் கழித்து இந்த ஊர் எப்படியெல்லாம் இருக்கக்கூடும் என்று ஆயிரக்கணக்கான கணக்குகள் போடும். அவற்றில் யார் யார் திரும்பத் திரும்ப வருகிறார்களோ அவர்களுக்கு மட்டும் குரல் கொடுக்கும். பெயரை வெளியிடத் தடை. பொதுநிலத்தில் ஒரு சாண் இடம் கொடுப்பதென்றாலும் அவர்களைக் கேட்காமல் கொடுக்க முடியாது. முந்தின தலைமுறை ஏரியை மனை போட்டு விற்றுத் தின்றதற்குச் செய்த பரிகாரம் அது.

பிறக்காதவர்கள் எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான் சொல்வார்கள்: எங்களுக்கு விட்டு வையுங்கள். சந்தைக்கு இடம் கேட்டார்கள், விட்டு வையுங்கள். புறவழிச்சாலைக்கு இணைப்பு கேட்டார்கள், விட்டு வையுங்கள். உறுப்பினர்களுக்கு இது ரொம்ப வசதியாகப் போய்விட்டது. முன்பெல்லாம் இல்லை என்று சொன்னால் வீடு தேடி வந்து சண்டை பிடிப்பார்கள். இப்போது பிறக்காத பிள்ளைகளிடம் போய் யார் சண்டை பிடிப்பது?

குழுத் தலைவர் சென்னியப்பனுக்கு அந்த நாற்காலியைப் பிடித்துப்போனதற்கு வேறு காரணம் இருந்தது. மனைவி போனபின் அவருக்கு வீடு என்பது படுக்கிற இடம் மட்டும்தான். ஒரே மகள் செவ்வந்தியை உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்திருந்தாலும், மின்சார வண்டி பழுதுபார்க்கும் சொந்தப் பட்டறையில் அவளுக்கு விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிற வரைக்கும் வேலை. பேச ஆளில்லாமல் வாய் புளித்துக் கிடந்த நாளில்தான், தெருவிளக்கு பற்றிய விவாதத்தில் ஒரு பெண்குரல், "தெக்கு வீதியில எங்க அப்பிச்சி ஊட்டு வேம்புகிட்ட மட்டும் வெளக்குப் போடாதீங்க, அதுல ஆந்தை இருக்கும்" என்றது. அந்தப் பக்கத்தில் அம்மாவின் அப்பாவைத்தான் அப்பிச்சி என்று கூப்பிடுவார்கள். தெற்கு வீதியில் வேப்பமரம் இருப்பது அவர் வீட்டு வாசலில் மட்டும்தான். செவ்வந்திக்கு இன்னும் குழந்தை பிறக்கவில்லை.

அன்றிலிருந்து கூட்டம் முடிந்தாலும் அவர் எழுந்து போவதில்லை. செயலர் பாக்கியநாதன் நல்ல மனிதர். கண்டும் காணாமல், சன்னல்களைச் சாத்துகிறேன் என்று அடுத்த அறைக்குப் போய்விடுவார்.

"நல்லா இருக்கறயா கண்ணு?"

"நல்லா இருக்கறனுங் அப்பிச்சி. நீங்க சாப்ட்டீங்களா?"

அந்தக் கேள்வியை அவரிடம் ஊரில் வேறு யாரும் கேட்பதில்லை. சாப்பிட்டேன் என்று பொய் சொல்வார். அவள் நாற்பது வருஷத்துக்கு அந்தப்பக்கம் இருந்து பேசுகிறவள். அவர் செத்து வெகுகாலம் ஆகியிருக்கும். அதனால் அவள் பேசுவதெல்லாம் ஞாபகங்கள்தான். குளத்துமேட்டுக்கு சைக்கிளில் முன்னால் உட்காரவைத்து அவர் கூட்டிப்போனது, மயில் பார்க்கப் போய் அவள் வழுக்கி விழுந்தது, அழக்கூடாது என்று அவர் கடலைமிட்டாய் வாங்கித் தந்தது. எதுவுமே அவர் இன்னும் செய்யாத காரியங்கள். செய்யாததற்கெல்லாம் ஒருத்தி இவ்வளவு பிரியமாக நன்றி சொல்வதைக் கேட்டு, வீட்டுக்குப் போகிற வழியில் அவர் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு நடப்பார். பழைய சைக்கிளுக்குக் காற்றடித்துக்கூட வைத்துவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை செவ்வந்தி வந்தாள். தூக்குப்போசியில் குழம்பு இருந்தது. மகள் குழம்போடு வந்தால் பின்னால் ஏதோ வருகிறது என்று அவருக்குத் தெரியும்.

"பட்டறைக்காரங்க எல்லாஞ் சேந்து குளத்துமேட்டக் கேட்டு எழுதிக் குடுத்திருக்கறோமுங்ப்பா. ஊடும் பட்டறையும் ஒண்ணா வெச்சுக்கற மாதிரி சின்னச் சின்ன மனை. அங்கிருந்து பைபாஸுக்கு ஒரு ரோடு. இருவது குடும்பம் பொழச்சுக்கும்."

"வேற எடம் பாக்கக் கூடாதா?"

"எங்க இருக்குது வேற எடம்? எல்லாத்தையும்தான் விட்டு வெச்சிருக்கறீங்களே. ஊட்டுக்காரரு காலி பண்ணச் சொல்லிட்டாரு. இங்க வந்துரலாம்னா ரெண்டே ரூம்பு. இவரோட அம்மா படுத்த படுக்கை. பட்டறைய எங்க வெக்கறது?" அவள் கொஞ்சம் தயங்கினாள். "ஓசூர்ல ஒரு கம்பெனில கூப்புடறாங்கப்பா. பொம்பளைகளுக்கு மட்டும் ஆஸ்டல். இவரக் கடல்ல கரண்ட் எடுக்கற காத்தாடி வேலைக்கு எடுத்துக்கறாங்களாம். ஆளுக்கொரு பக்கம். அப்பறம் குழந்தைன்னு ஒண்ணு... எனக்கும் வயசாகுதுல்ல."

 அவர் இத்தனை நாள் யாரிடமும் சொல்லாததைச் சொன்னார். வருகுரலில் ஒருத்தி பேசுகிறாள். அவள் உன் மகள். எனக்கு நன்றாகத் தெரியும். உன் சிரிப்பே அவளுக்கு.

"அவ அந்த மேட்ட விட்டு வெக்கச் சொல்றா கண்ணு. நானும் அவளும் போன எடமாம்."

செவ்வந்திக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது தூக்குப்போசியைத் தள்ளி வைத்தாள்.

"எம் மக எங்கிட்டப் பேசறதுக்கு முந்தி உங்ககிட்டப் பேசறாளாக்கும்?"

"கோவிக்காத சாமி..."

"பொறக்காதவ சாப்ட்டீங்களான்னு கேட்டா உங்களுக்கு இனிக்குது. பொறந்தவ குழம்பு கொண்டாந்து வெச்சுட்டு உக்காந்திருக்கறேன், நீ சாப்ட்டயான்னு ஒரு வார்த்த கேட்டீங்களாப்பா?"

அவர் கேட்பதற்குள் அவள் செருப்பைப் போட்டுவிட்டாள்.

குழு கூடியபோது கூடத்தின் பின்பக்கம் பட்டறைக்காரர்கள் நின்றார்கள். செவ்வந்தியும் அவள் கணவன் சம்பத்தும் கடைசித் தூணருகே. பாக்கியநாதன் விண்ணப்பத்தை வாசித்தார். உறுப்பினர் ருக்மணி, ஊர்ப் பள்ளியில் நாற்பது பிள்ளைகள் இருந்த வகுப்பை நடத்தி, ஆறு பிள்ளைகள் இருந்த வகுப்போடு ஓய்வு பெற்றவர், எடுத்த எடுப்பிலேயே பேசினார்.

"வரப்போறவிய வரட்டுங்கண்ணா. இப்ப இருக்கறவிய எங்க போவாங்க? இவங்களுக்கு எடங் குடுங்க."

வரவிருப்போரைக் கேட்டார்கள். குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. மேடு இல்லாவிட்டால் குளத்தில் மழைத்தண்ணீர் நிற்காது என்றார் ஒருவர். நாற்பது வருஷத்துக்கு அப்புறம் ஊரில் மிச்சமிருக்கும் நிழல் அதுதான் என்றார் இன்னொருவர். எல்லாம் நியாயமான பேச்சு. பிறகு அவள் பேசினாள்.

"எங்க அப்பிச்சிகூட நான் நடந்த எடமுங்க அது. அதுல ஊடு கட்டாதீங்க."

கூடத்தின் பின்னால் செவ்வந்தி தூணைப் பிடித்துக்கொண்டாள். தன் குரலையே கொஞ்சம் வயதாக்கிக் கேட்டது போல இருந்திருக்கும். அவள் கையைத் தூக்கினாள்.

"நான் அதுகிட்ட ஒண்ணு கேக்கோணும்."

விண்ணப்பதாரர்கள் வரவிருப்போரைக் கேள்வி கேட்கக் கூடாது என்பது விதி. தலைவர் விரும்பினால் விதியைத் தளர்த்தலாம் என்பதும் விதிதான். பாக்கியநாதன் தலைவரின் முகத்தைப் பார்த்தார். சென்னியப்பனுக்குப் பயம் வந்துவிட்டது. மகள் கோபத்தில் ஏதாவது சொல்லி, அந்தக் குரல் மனம் நொந்து, அப்புறம் தன்னிடம் பேசாமலே போய்விட்டால்? அந்த ஒரு நிமிஷத்தில் அவர் நினைத்தது இவ்வளவுதான். குழுத் தலைவராகவும் நினைக்கவில்லை, அப்பாவாகவும் நினைக்கவில்லை.

"விதிப்படி அனுமதி இல்லை," என்றார்.

ஓட்டு சமமாக விழுந்தது. சமமானால் தலைவர் எந்தப் பக்கமோ அதுதான் முடிவு. சென்னியப்பன் நாற்காலி சொன்ன பக்கத்துக்கே கையைத் தூக்கினார். பின்னால் நின்றவர்கள் சத்தம் போடாமல் கலைந்து போனார்கள். சத்தம் போட்டிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மாமியாரை நாத்தனார் வீட்டில் விட்டுவிட்டுச் செவ்வந்தி கிளம்பிய அன்று பேருந்து நிலையத்துக்குப் போனார். அவள் மரியாதைக்குக் குறைவு வைக்கவில்லை. மாத்திரையை நேரத்துக்குப் போடச் சொன்னாள், தன்னிடமிருந்த அவர் வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்திருப்பதாகச் சொன்னாள். என்ன கேட்க நினைத்தாய் கண்ணு என்று அவர் கேட்டதற்கு, "இனி எதுக்குங்ப்பா" என்றாள். பேருந்து போனபின் ஒரு டீ குடித்தார். அடுத்த கூட்டம் எப்போது என்று மனசு தானாக எண்ணத் தொடங்கியதை நினைத்து அவருக்கே வெட்கமாக இருந்தது.

மாதம் பிறந்து, வருகுரல் புதுக் கணக்கை வாங்கிக்கொண்டது. கூட்டம் முடிந்தது. பாக்கியநாதன் வழக்கம்போல அடுத்த அறைக்குப் போனார்.

"கண்ணு, இருக்கறயா?"

கருவி சும்மா இருந்தது. இன்னொரு முறை கூப்பிட்டார். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது போலும், பாக்கியநாதன் வந்து வாசலில் நின்றார். 

"இந்த மாசக் கணக்குல அந்தப் பொண்ணு வல்லீங்க தலைவரே. போன மாசம் வரைக்கும் நூத்துக்குத் தொண்ணூறு கணக்குல இருந்துச்சு. இப்ப ஒண்ணுலகூட இல்லீங்க. அந்த இருவது குடும்பத்துப் புள்ளைங்களுமே இல்ல."

"ஓசூர்ல பொறக்குமா இருக்கும். அங்கத்த கருவில கேட்டா?"

"கேட்டுப் பாத்தனுங்க." பாக்கியநாதன் குரலைத் தாழ்த்தினார். "அங்கயும் இல்லீங்க."

 சென்னியப்பன் கோபமாகக் கேட்டார். "இத்தன கணக்குப் போடற எந்திரம், மேட்டக் குடுக்காட்டி நான் இருக்க மாட்டேன்னு அது ஒரு வார்த்த சொல்லக் கூடாதாய்யா?"

"எடம் வேணுமா வேண்டாமான்னுதானுங்களே நாம கேட்டோம். வேண்டாம்னு சொல்லிச்சு. இருந்தா எனக்கு என்ன வேணும்ங்கறதத்தான் அது சொல்லும். நீ இருப்பியான்னு யாரும் கேக்கலைங்களே." நாற்காலியின் பக்கம் கையைக் காட்டினார். "கேட்டிருந்தா சொல்லியிருக்குமுங்க."

செவ்வந்தி கேட்கவிருந்தது அதுதானோ? அதைத் தெரிந்துகொள்ள அவருக்கு வழியில்லை. ஓசூருக்குப் போன் போட்டால் எடுக்கிறாள், நன்றாக இருக்கிறேன் என்கிறாள், ஷிஃப்டுக்கு நேரமாகிறது என்கிறாள். சாப்பிட்டாயா என்று அவர் இப்போது தவறாமல் கேட்கிறார். சாப்பிட்டேன் என்கிறாள். அது பொய் என்று அவருக்குத் தெரியும், தானும் அதே பொய்யை அதே குரலில் சொன்னவர்தானே.

பட்டறைகள் மூடியதும் அவற்றை நம்பியிருந்த கடைகள் மூடின. இன்னும் சில இளவட்டங்கள் கிளம்பினார்கள். ஒவ்வொரு மாதமும் நாற்காலியில் குரல்கள் குறைந்தன. உறுப்பினர்கள் மட்டும் உள்ளே வந்ததும் கும்பிடு போடுவதை விடவில்லை.

மறு வருஷம் வெளியூர் நிறுவனம் ஒன்று கணினித் தரவுக் கிடங்கு கட்டக் குளத்துமேட்டை முழுசாகக் கேட்டு எழுதியது. ஆள் தேவையில்லை, வீடு தேவையில்லை. மேட்டை மட்டப்படுத்தி, சுற்றிலும் சுவர் எழுப்பி, லாரி போக அகலமாக ஒரு சாலை போட்டுக்கொள்வார்கள். பாக்கியநாதன் வாசித்து முடித்துவிட்டு நாற்காலியின் பக்கம் திரும்பினார்.

"வரவிருப்போர் கருத்து?"

  பாக்கியநாதன் விதிப்படி மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் ஒரு குரலும் வரவில்லை.

"மறுப்பு யாரும் சொல்லலீங்க. சொல்லலீன்னா சம்மதம்னுதான் விதி," என்று அவர் எழுத ஆரம்பித்தார். ருக்மணி புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் அழுதாரா, வேர்வையா என்று சென்னியப்பன் பார்க்கவில்லை. அதற்குள் சென்னியப்பன் எழுந்து நின்றிருந்தார்.

"நான் மறுக்கறேன். அந்த மேட்ட விட்டு வெக்கோணும்."

பாக்கியநாதன் எழுதியதை அடித்துவிட்டுப் புதுவரி தொடங்கினார். அவருக்கும் அது வேண்டியதாகத்தான் இருந்தது போலும். பேனா சுறுசுறுப்பாக ஓடி, பாதியில் நின்றது.

"பதிஞ்சுக்கறனுங் தலைவரே. ஆனா விட்டு வெக்கறதுன்னா யாருக்காகன்னு போடோணுமுங்க, போடாட்டி மறுப்புச் செல்லாதுங்க. யாருக்காகன்னு போடட்டுங்க?"

சென்னியப்பன் ஊரில் மிச்சமிருந்தவர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தார். எல்லோரும் அவர் வயதுக்காரர்கள். பாக்கியநாதன் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு அடுத்த விண்ணப்பத்தை எடுத்தார்.