சாயத் தண்ணீர் எடுக்க வந்தவள்

"யாருங்க நீங்க? பாட்டிலக் கீழ வைங்க!"

தூறலில் குனிந்திருந்த பூங்குழலி திடுக்கிட்டு நிமிர்ந்தாள். ஜெயங்கொண்டத்துச் சாயப்பட்டறைக்குப் பின்னால், வாய்க்காலில் சிவப்பாய் ஓடிய தண்ணீரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எதிரே பட்டறைக்காரர் மகன் முத்தமிழ். கோபத்திலும் அந்தக் கண்கள்... சே, என்ன நினைப்பு இது!

"பெரம்பலூர் காலேஜுல எம்.பில். கெமிஸ்ட்ரி. ஆராய்ச்சிக்குத்தான்..."

"எங்க மேல மனு குடுக்கவா? பட்டறைய மூடச் சொல்லி ஏற்கெனவே நோட்டீஸ் வந்தாச்சு. பதினாலு குடும்பம் இத நம்பியிருக்குங்க!"

பாட்டிலைப் பிடுங்கிக் கொட்டினான்.

"கொட்டிட்டா தண்ணி சுத்தமாயிடுமா?" என்றவள், கண்ணீரை மறைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

நான்காம் நாள், கல்லூரி ஆய்வகத்து வாசலில் அவனே நின்றான். கையில் சாயத் தண்ணீர் கேன்.

"மன்னிச்சுருங்க... திங்கக்கிழமையோட கெடு முடியுது. உங்களால ஏதாச்சும் முடியுமா?"

அவள் அவனை உள்ளே அழைத்தாள். தான் தயாரித்திருந்த கறுப்பு இரும்புத் துகளைத் தண்ணீரில் கலக்கினாள். ஒவ்வொன்றும் கண்ணுக்கே தெரியாத நுண்துகள். சாயத்தை அவை பற்றிக்கொள்ள வேண்டும். கண்ணாடிக் குவளையின் பக்கத்தில் காந்தத்தை வைத்தாள். துகளெல்லாம் ஓடி வந்து ஒட்டின. தண்ணீரோ... அதே சிவப்பு!

அவன் முகம் வாடிப்போனது. "பரவால்லங்க. சோடா போட்ட தண்ணி, அப்படித்தான் இருக்கும்."

"சோடாவா?"

"அது போடாட்டி நூல்ல சாயம் நிக்காதே!"

"இத முதல்லயே சொல்ல மாட்டீங்களா!"

சோடாவின் காரம்தான் சாயத்தைத் துகளில் ஒட்டவிடவில்லை. அதை முறிக்க அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, புதிதாய்த் துகள் போட்டுக் கலக்கினாள். அரை மணி நேரம்... இருவருக்கும் மூச்சு விடவே பயம். மறுபடி காந்தம். கறுப்பு ஒதுங்கியது. தண்ணீர் தெளிந்து நின்றது!

திங்கட்கிழமை, கலெக்டர் ஆபீஸில் அதிகாரி முன்னால் அதையே செய்து காட்டினாள். "ஒரு டம்ளருக்குச் சரி. தொட்டிக்கு?" என்றார் அவர்.

"மூணு மாசம் குடுங்க சார்."

கிடைத்தது. வெளியே மழை பிடித்துக்கொண்டது. அவளும் முத்தமிழும் வராந்தாவில் ஒதுங்கி நின்றார்கள்.

"அன்னிக்கு அந்தக் கேன ஆள்கிட்ட குடுத்து விட்டிருக்கலாம்ல?" என்றாள், அவனைப் பார்க்காமல்.

"விட்டிருக்கலாம்..." அவன் குரல் இறங்கியது. "உங்களப் பாக்காம இருக்க முடியலங்க. எனக்கு உங்களப் புடிச்சிருக்கு."

மழைச் சத்தத்தில் அவள் பதில் அவனுக்குக் கேட்கவில்லை. "என்னங்க?"

"எனக்குந்தான்னு சொன்னேன்... சத்தமா சொல்ல வைக்கிறீங்களே!"

வெட்கத்தில் முகத்தை மூடிக்கொண்டாள்.