பத்தெழுத்துப் பெட்டி

பெட்டி காலியாக இருந்திருக்க வேண்டும்.

குழந்தைகள் பதில் தட்டிப் படிக்கும் இணையக் கதை அது; பக்கம் திறந்ததும் எல்லாப் பெட்டிகளையும் துடைத்துவிடும்படி அவளே ஸ்கிரிப்ட் எழுதியிருந்தாள். மதியம் அது ஒழுங்காக வேலை செய்தது. ஆனால் இப்போது திரையில், "உன் பெயர் என்ன?" என்று காதை ஆட்டிக்கொண்டு கேட்கும் முயலுக்குக் கீழே, வெள்ளைப் பெட்டிக்குள் இரண்டு சொற்கள் கிடந்தன.

அம்மா யாரோ

முயல் தன் கடமையைச் செய்திருந்தது. பெட்டியில் வருவதை எடுத்துப் பதிலில் சேர்க்கச் சொல்லி வைத்திருந்தாள் அல்லவா? பல்லைக் காட்டிச் சிரித்தபடி, "உன்னைப் பார்த்ததில் மகிழ்ச்சி, அம்மா யாரோ!" என்று சொல்லிக்கொண்டிருந்தது.

சிரிப்பு வரவில்லை. வெளியே மழை கூரைத் தகட்டில் கொட்டிக்கொண்டிருந்தது. ஈர சிமென்ட் வாசனை ஜன்னல் திரையைத் தாண்டி வந்து, மேசைவிளக்கின் சூட்டோடு கலந்து, பூட்டிக் கிடந்த அறையைத் திறந்தது போல மூக்கில் ஏறியது. பொழுது சாயும் நேரம்தான், ஆனால் மேகம் அதற்குள் இருட்டிவிட்டது.

எடிட்டருக்கு போன் போட்டாள்.

"சார், முயல் கதையில ஏதாவது டைப் பண்ணிப் பாத்தீங்களா?"

"நானா? நான் இன்னும் லிங்க்கைத் திறக்கவே இல்லைம்மா. டீ ஆறுது, அதைக் கூடக் குடிக்கல. ஆமா, பெட்டிக்குப் பத்து எழுத்து லிமிட் போட்டாச்சா?"

"போட்டாச்சு சார்."

"நல்லதாப் போச்சு. போன தடவை ஒரு பொடியன் குலம் கோத்திரம் எல்லாத்தையும் டைப் பண்ணி முயலோட மூஞ்சியையே மறைச்சுட்டான். பத்துக்கு மேல ஒண்ணும் வெளிய தெரியக்கூடாது, ஆமா."

"மீதி உள்ளே சேமிப்புல இருக்கும் சார், திரையில தெரியாது."

"அது போதும். உங்க குரல் ஏன் ஒரு மாதிரியா இருக்கு?"

"மழை சார். லைன் சரியில்ல." வைத்துவிட்டாள். வேலை கெட வேண்டாம் என்று, வழக்கம் போல போனை ஒலியில்லாமல் கவிழ்த்துப் போட்டாள்.

திரும்பிப் பார்த்தபோது இரண்டாவது பெட்டியில் கர்சர் துடித்துக்கொண்டிருந்தது.

அவள் கை விசைப்பலகையில் இல்லை. மடியில் இருந்தது.

"நீ எங்கே இருக்கிறாய்?" என்ற கேள்விக்குக் கீழே ஓர் எழுத்து வந்தது. சற்று நின்றது. இன்னொன்று. எழுத்து தெரிந்து, இடம் தெரியாமல் தேடித் தேடித் தட்டும் விரலின் நடை அது. மழைச் சத்தத்துக்கு நடுவே அந்த விரல் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து தட்டுவது போலவே அவளுக்குத் தோன்றியது. நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டாள்.

வெளியே நான

வெளியே. எந்த வெளியே? சமையலறையில் ஃபிரிட்ஜ் உறுமிக்கொண்டிருந்தது, திடீரென்று நின்றது. அது நின்ற பிறகுதான் வீட்டில் வேறு எந்தச் சத்தமும் இல்லை என்பது தெரிந்தது.

டொக். டொக்.

வாசல் கதவு.

அவள் அசையவில்லை. மூன்றாவது பெட்டி நிரம்பத் தொடங்கியது. "நான் என்ன செய்யட்டும்?" என்று முயல் கேட்டது. இந்த முறை எழுத்துகள் அவசரமாக, ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு வந்தன.

கதவைத் திற

"அம்மா!" என்றது வாசலில் ஒரு குரல்.

வாலு!

அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. மகளின் டேப்லெட்டில் இந்தக் கதையின் சோதனை லிங்க்கைப் போட்டுக் கொடுத்தது அவளேதான். "நீதான் என் முதல் வாசகி" என்று கொஞ்சிக்கூடச் சொல்லியிருந்தாள். அதில் யார் எதைத் தட்டினாலும் இந்தத் திரையிலும் வரும். பள்ளி விட்டதும் எதிர்க் கட்டடத்தில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போய்விட்டு, இருட்டுவதற்குள் தெருவைக் கடந்து வந்துவிடுவாள் பெண். வழியில் டேப்லெட்டை வைத்து விளையாட்டு காட்டியிருக்கிறது கழுதை.

உயிர் திரும்பி வந்தது போல இருந்தது. "இருடி வாலு, உன்னை வச்சுக்கறேன்!" என்று கத்திக்கொண்டே போய்த் தாழ்ப்பாளைத் தள்ளினாள்.

சீருடையில் நின்றது குழந்தை. நெற்றியில் அதே கலைந்த முடி. அவளைத் தாண்டி, கால் சத்தமில்லாமல் உள்ளே போனது.

"உன் சித்திக்கு அறிவே இல்லையா? இந்த மழையில தனியா அனுப்பிட்டாளா?"

"ஆமாம்மா."

"துண்டை எடு, தலையத் துவட்டு."

"நனையலம்மா."

நனையவில்லைதான். தலை, சட்டை, கால் எதிலும் ஒரு சொட்டு இல்லை. கதவுக்கு வெளியே தண்ணீர் சாரை சாரையாக இறங்கிக்கொண்டிருந்தது.

"டேப்லெட் எங்கடி?"

"எந்த டேப்லெட்?" என்றது குழந்தை, படுக்கையறைக்குள் போய்க்கொண்டே. விளக்கைப் போடவில்லை. கதவைப் பாதி சாத்திக்கொண்டது.

அவள் மெதுவாக மேசைக்குத் திரும்பினாள். கால்கள் தாமாகவே ஓசையில்லாமல் நடந்தன. ஏன் என்று தெரியவில்லை.

வெளியே நான

புள்ளி எங்கே? 'நான்' என்பதில் ன் மீது புள்ளி இல்லை. புள்ளிக்கும் ஒற்றுக்கும் இந்த வீட்டில் நடக்காத சண்டை இல்லை. வாலு 'கதவைத் திற' என்று எழுதினால் நடுவில் த் போடுவாள். போட்டிருக்கிறாள். அப்படிப்பட்டவள் புள்ளியை விடுவாளா?

விடமாட்டாள். பெட்டிதான் விட்டிருக்கிறது.

பத்து எழுத்து என்று அவள் போட்ட கணக்கு வேறு, இயந்திரத்தின் கணக்கு வேறு. அதற்குக் கொம்பு ஒன்று, கால் ஒன்று, புள்ளி ஒன்று, இடைவெளியும் ஒன்று. 'அம்மா'வே அதற்கு ஐந்து. ஆங்கிலப் பெயர்களை வைத்தே சோதித்துவிட்டு, தமிழில் ஒரு வரி தட்டிப் பார்க்காமல் விட்டிருக்கிறாள். தமிழிலோ 'ஆம்', 'இல்லை' இரண்டும் சொல்லின் வாலில்தான் வரும். அந்த வாலைத்தான் அவள் வெட்டியிருக்கிறாள்.

படுக்கையறைக்குள் கட்டில் முனகியது. ஒரு குழந்தையின் எடைக்கு முனகுகிற முனகல் அல்ல.

ஸ்கிரிப்ட்டைத் திறந்தாள். லிமிட் வரியைத் தேடி அழித்தாள். பக்கத்தைப் புதுப்பித்தால் எல்லாம் அழிந்துவிடும் என்ற நினைப்பு கடைசி நொடியில் வந்து, துடைக்கும் வரியையும் அழித்தாள். பிறகு தட்டினாள்.

பெட்டிகள் நீண்டன.

அம்மா யாரோ வாசல்ல நிக்கிறாங்க

வெளியே நான் இல்லை

கதவைத் திறக்காதே

முயல் சிரித்துக்கொண்டிருந்தது.

போனைத் திருப்பினாள். தங்கையிடமிருந்து வரிசையாகத் தவறிய அழைப்புகள். கையில் இருக்கும்போதே இன்னொன்று வந்தது. எடுத்தாள்.

"அக்கா, எத்தனை தடவை கூப்பிடறது? இவ ஜன்னலை விட்டு நகர மாட்டேங்கறா, ஒரே அழுகை. உன் வீட்டு வாசல்ல இவளை மாதிரியே யாரோ நிக்கறாங்கங்கறா. நான் பாத்தா யாரும் இல்ல. கொஞ்சம் நீயே சொல்லேன்…"

"அவளை…" போனை வாயோடு ஒட்டிக்கொண்டாள். "இங்க அனுப்பாதே. என்ன ஆனாலும் அனுப்பாதே."

"என்னக்கா? கேக்கல. 'அனுப்பா'ன்னு என்னமோ சொன்னே, அப்புறம் ஒண்ணும் கேக்கல. அனுப்பட்டுமா?"

"வேண்டாம்! வேண்டாம்டி! வேண்டாம்!"

"சரி சரி, வேண்டாம். ஏன் கத்தறே?"

படுக்கையறைக் கதவு திறந்தது. முழுதாக. மெதுவாக.

அவள் திரும்பவில்லை. திரும்பினால் பார்க்க வேண்டியிருக்கும். ஜன்னல் பக்கம் நகர்ந்தாள். திரையை விலக்கினாள். மழைக்கு அப்பால், எதிர்க் கட்டடத்தின் வெளிச்சமான ஜன்னலில், டேப்லெட்டை மார்போடு அணைத்துக்கொண்டு வாலு.

அவளுடைய வாலு. இருக்கிறாள். பத்திரமாக இருக்கிறாள்.

பின்னால் தரை அழுந்தியது. ஓர் அடி. இன்னொன்று. ஈரச் சுவரின் வாசனை.

மகளைப் பார்த்துக் கையை ஆட்டினாள். திரையை மூடு. பார்க்காதே. மூடு. வாயசைத்துச் சொன்னாள். புன்னகைக்கக்கூட முயன்றாள்.

வாலு திரையை மூடவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தக் கண்கள் சற்றே உயர்ந்தன. அம்மாவின் நெற்றிக்கு. தலைக்கு. தலைக்கும் மேலே.

இன்னும் மேலே.

வாலு மெல்ல மெல்ல அண்ணாந்துகொண்டே போனாள்.