இடஞ்சுழி ஓடு

வெளிக்கதவின் சாவித்துளையை ஏதோ அடைத்திருந்தது. சுகப்பிரியா சாவியை அழுத்தியதும் அப்பளம் நொறுங்குவதுபோல் சின்னச் சத்தம். வெங்காயத் தோலைவிட மெல்லிய வெள்ளைத் துணுக்கு விரலில் ஒட்டியது. சிலந்தியின் வேலை என்று துடைத்துவிட்டு உள்ளே போய்த் தாழிட்டாள்.

பாளையம்பட்டியில் அவள் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டுக்கும் பக்கத்துத் தறிக்கூடத்துக்கும் ஒரே சுவர். விசைத்தறி அடிக்கிற அடியில் டம்ளரும் அலமாரியும் மேசைமேல் மண் கரைத்த தட்டின் தண்ணீரும் பகல் முழுக்க நடுங்கும். மூடிய ஜன்னலுக்குள் சித்திரை வெக்கையும் சேற்று வாடையும் ஒன்றாய்ப் புழுங்கும். தட்டுக்குப் பக்கத்தில் கடுகளவு நத்தை ஓடுகள், நாற்பத்தொன்று, எல்லாம் இடப்பக்கமாகச் சுற்றியவை. எந்த நூலிலும் இல்லாத இனம். ஆனால் அத்தனையும் வெற்று ஓடு. உயிரோடு ஒன்று கிடைத்து, உடலை அறுத்துப் பார்த்தால்தான் அதற்குப் பெயர் வைக்க முடியும். அவள் மண் எடுத்த பந்தல்குடி மேட்டைத் திங்கட்கிழமை சுண்ணாம்புக்கல்லுக்காக வெட்டப் போகிறார்கள். இன்று சனி.

லென்ஸை எடுத்தாள். நேற்று வெறுமையாக இருந்த ஓடுகளின் வாயில் இன்று வெள்ளைச் சவ்வு. கோடையில் நத்தை உள்ளே ஒடுங்கி இப்படித்தான் வாயை அடைத்துக்கொள்ளும், மழை வரும்வரை. அப்படியானால் உயிர் இருக்கிறது. ஊசியால் ஒன்றைக் கிழித்தாள். உள்ளே ஒன்றுமில்லை. இன்னொன்று. அதிலும் இல்லை.

போன் அடித்தது. அந்த மேட்டுச் சாமிக்குப் பூசை வைக்கும் இருளப்பசாமி.

"என்ன தாயி, பிடிமண்ணுக்குப் பீடம் போட்டாச்சா?"

"நான் நத்தை பாக்கத்தானண்ணே மண்ணு அள்ளுனேன்."

"பை கிழிஞ்சிருச்சுன்னு துப்பட்டாவுல முடிஞ்சீகள்ல. சாமிய வேற எடத்துக்குக் கொண்டு போறவுக பிடிமண்ணத் துணியிலதான் முடிவாக. சாமிக்கு வீடு குடுப்பீகளான்னு கேட்டேன். சிரிச்சுக்கிட்டே ஆமான்னீக."

"வெளையாட்டுக்குச் சொன்னேன்."

"அதுக்கு வெளையாட்டெல்லாம் தெரியாது. எங்கன எறக்கி வச்சீக?"

"வீட்டுக்குள்ளதான்."

"மண்ணு அங்கனயே கெடக்கட்டும். நீங்க மொதல்ல வெளிய..."

அவர் குரல் மெலிந்தது. பானைக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகி, நின்றது. திரையில் விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன. அவர் இன்னும் பேசிக்கொண்டிருக்க வேண்டும்.

கதவுக்கு ஓடினாள். சாவித்துளையில் மறுபடி வெள்ளை. நிலையின் இடுக்கு முழுக்க வெள்ளை. தாழை நீக்கி இழுத்தாள். அசையவில்லை. கத்தியால் சவ்வைக் கிழித்தாள். அடியில் இன்னொன்று. அதன் அடியில் இன்னொன்று. ஜன்னல் சந்திலும். குழாய் வாயிலும்.

தறிச் சத்தம் இல்லை.

கரண்டு போயிருக்கும். நிமிர்ந்து பார்த்தாள். காற்றாடி சுற்றியது. தட்டில் தண்ணீர் நடுங்கியது. அடிக்கு அடி.

தறி ஓடுகிறது.

கையைக் காதுக்குக் கொண்டு போனாள். குழி இருக்க வேண்டிய இடத்தில் காய்ந்த, இறுகிய தோல். நகத்தால் குத்தினாள். கிழிந்தது. வலியில்லை.

விரல் உள்ளே போனது. ஒரு கணு. இரண்டு கணு. எதுவும் தட்டுப்படவில்லை. முழு விரலும் போனது, வழவழத்த சுவரை ஒட்டி, இடப்பக்கமாக வளைந்து, இன்னும் வளைந்து.