முப்பத்தைந்து மில்லி ஆம்பியர்

வாழப்பாடியிலிருந்து பஸ் கூரையில் மழையில் நனைந்து வந்த அந்த ஆம்ப்ளிஃபையர், தொட்டால் சுட்டது. தோமினிக் கையை இழுத்துக்கொண்டான். சூரமங்கலத்தில் அவன் ரேடியோ ரிப்பேர்க் கடை வைத்துப் பதினோரு வருடம் ஆகிறது. கரண்டே கொடுக்காத பெட்டி சூடாக இருந்து அவன் பார்த்ததில்லை.

"செவ்வாக்கெழம அவருக்கு வருசப் பூசைங்கண்ணா," என்றாள் ரோசி. வெள்ளைச் சேலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. "அன்னிக்கு இதுலதான் கிடார் வாசிக்கோணும். சத்தம் கரகரங்குது. வால்வுல ஓடற கரண்ட, அதான் பயஸ், பாத்துக் குடுங்க."

அவள் புருஷன் கிறிஸ்துராஜைக் கொன்றது இந்தப் பெட்டிதான். அயோத்தியாப்பட்டணத்துக் கல்யாணத்தில், விரல்கள் கிடார் கம்பியில் இருக்கும்போது உதடு மைக்கில் பட்டது, விறைத்து விழுந்தான். விதி என்றார்கள். "தாளம் நிக்காத உனக்கெதுக்குடா மேடை, போய் ஈயம் பத்தவை" என்று முந்தின நாள் பத்துப் பேர் நடுவே கிறிஸ்துராஜ் சிரித்ததையும், அதற்காகத் தோமினிக் எர்த் கம்பியைக் கழற்றிவிட்டு கரண்ட் வரும் லைன் கம்பியைப் பெட்டித் தகட்டோடு சேர்த்து வைத்ததையும், சாவுக்குப் பின் பழையபடி ஈயம் பற்றவைத்து மறைத்ததையும் யாரும் முடிச்சுப் போட்டுப் பார்க்கவில்லை.

மறுத்தால் சந்தேகப்படுவாள். பெட்டியைத் திறந்து பிளக்கைச் சொருகினான். வெளியே மழை தகரத்தில் இரைந்து விழ, பொழுது சாயுமுன்னே கடைக்குள் இருட்டு ஏறியிருந்தது. வால்வுகள் மெல்லச் சிவந்து, சூடான தூசியின் நெடியோடு, அடியில் கருகிய மயிரின் வாடை ஒன்றும் எழுந்தது.

"எவ்வளவு வைப்பீங்க?"

"வால்வு சும்மா நிக்கறப்ப முப்பத்தஞ்சு மில்லி ஆம்பியர் ஓடோணும். அதிகமானா எரிஞ்சு போகும்."

"அது ஒரு ஆளு உசுரெடுக்கப் போதுங்களாண்ணா?"

அவன் மீட்டர் பக்கம் குனிந்தான். மீட்டர் முள் முப்பத்தைந்தில் நின்றது. பிறகு ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது, தூங்குகிறவனின் நெஞ்சு போல. ஸ்க்ரூ டிரைவரால் கரண்டைக் குறைக்கும் பக்கம் திருகினான். நாற்பது. இன்னும் திருகினான். அறுபது. ஸ்பீக்கரில் ஒரு தந்தி அதிர்ந்தது. கிடார் மாட்டவே இல்லை.

காலால் வயரை இழுத்தான். பிளக் கழன்று தரையில் விழுந்தது.

வால்வுகள் அணையவில்லை.

"ரோசி, வெளிய போ!"

அவள் நகரவில்லை. "எர்த் கம்பியில புது ஈயம் இருந்துச்சுங்கண்ணா. அவரு செத்ததுக்கு அப்பறம் யாரு வெச்சாங்க?"

ஓட நினைத்தான். தகட்டில் பட்ட வலது கை ஒட்டிக்கொண்டது. தோள் வரை இழுத்தது. இடது கை முதுகுக்குப் பின்னால் இருந்தது. திறந்த பெட்டியில் கை வைக்கும்போதெல்லாம் அப்படித்தான் வைத்துக்கொள்வான். இரண்டு கையும் பட்டால் கரண்ட் நெஞ்சைக் கடந்துதான் போகும்.

அந்தக் கையை யாரோ பிடித்தார்கள்.

குளிர்ந்த விரல்கள். நுனியெல்லாம் காய்ப்பு. தந்தி அழுத்தி அழுத்திக் காய்த்தவை.

ரோசி அவன் தோளுக்கு மேலே பார்த்தாள். ஒரு வருடமாக அவள் முகத்தில் இல்லாத சிரிப்பு வந்தது.

"அவசரம் வேண்டாங்க," என்றாள் மெதுவாக. "நல்லாப் புடிச்சுக்கோங்க."

இடது கை தகட்டை நோக்கி முன்னால் வந்தது. ஒரு விரற்கடை. இன்னும் ஒரு விரற்கடை. சிவந்த வால்வின் வெளிச்சத்தில் அவன் மணிக்கட்டைச் சுற்றி ஐந்து கருகிய விரல்கள் தெரிந்தன.