வலது பாதி

கதவைத் தட்டும் சத்தத்திலேயே வந்தவரின் கோபம் தெரிந்தது. திறக்கப் போன கொழுந்தன், அடுத்த தட்டு தன் மூக்கில் விழுந்துவிடாமல் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

வாசலில் முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், மூச்சு வாங்கியபடி நின்றாள். பின்னால் அவளுடைய கைப்பையைச் சுமந்துகொண்டு சாந்தமான முகத்துடன் ஒரு பெரியவர்.

"கண்டுபிடிச்சுத் தரவங்க வீடு இதுதானே? என் பேரைக் கெடுத்துட்டாங்க. எவன்னு தெரியணும். இன்னைக்கே தெரியணும்!"

"உள்ள வாங்க, தண்ணி குடிங்க" என்றான் கொழுந்தன். அவனுக்கு நாற்பது வயது. யாராவது கோபமாக வந்தால் போதும், அவனுக்கும் சேர்ந்து ரத்தம் கொதிக்கும். உள்ளே பேப்பரை மடித்து வைத்த அவனுடைய அண்ணி நேர்மாறு. காப்பீட்டு நிறுவனத்தில் எரிந்த கிடங்குகளையும் நனைந்த சரக்குகளையும் ஆராய்ந்து ஓய்வு பெற்றவள். 'தானாகவே' தீப்பிடித்த எத்தனையோ கிடங்குகளுக்குத் தீ வைத்தவரைக் காட்டிக் கொடுத்திருக்கிறாள். கொழுந்தன் அண்ணி அண்ணி என்று பின்னாலேயே அலைந்ததில், வருகிறவர்கள் எல்லாருக்கும் அவள் அண்ணியாகிவிட்டாள்.

வந்தவளுக்கு, அவள் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் 'பட்டாசு' என்று பெயராம். அதைப் பெரியவர்தான் சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் அவளுடைய சித்தப்பா. ஜன்னல் பட்டறை வைத்திருப்பவர். அப்பா இல்லாத பெண்ணைப் படிக்க வைத்ததும் அவர்தான்.

"வீட்டு ஜன்னல், கதவு மேல ஒரு பூச்சு பூசறாங்க இல்ல, அது எவ்வளவு வெயில் மழை தாங்கும்னு சோதிக்க ஒரு பொது விதி எழுதறோம்" என்று ஆரம்பித்தாள் பட்டாசு. "இதுவரைக்கும் அவனவன் பூச்சுக்கு அவனவனே மார்க் போட்டுக்கறான். கடன உடன வாங்கி வீடு கட்டினவங்க ஜன்னல்ல ரெண்டு வருஷத்துல பூச்சு மாவா உதிருது. போய்க் கேட்டா என்ன சொல்றான் தெரியுமா? 'நீங்க சரியா துடைக்கல.' பூசினவன் தப்பில்லையாம், துடைக்காதவன் தப்பாம்!"

"அதை எப்படிச் சோதிக்கறீங்க?" என்றாள் அண்ணி.

"பூச்சு அடிச்ச அலுமினியத் தகடுங்கள மொட்டை மாடில இரும்புச் சட்டம் போட்டு, வெயில்ல ரெண்டு வருஷம் மாட்டி வெப்போம். ஒவ்வொரு தகட்டுலயும் வலது பாதிய மட்டும் மாசாமாசம் கழுவணும். இடது பாதியத் தொடவே கூடாது. துடைச்சா என்ன ஆகுது, துடைக்காட்டி என்ன ஆகுதுன்னு ரெண்டும் தெரியணும் இல்லையா? அதுல ஒரு பழுப்புத் தகடு. இங்க நிறைய வீட்டுல இருக்கற பூச்சு. ரெண்டு பாதியும் வெளுத்துப் போச்சு. விரலால தேய்ச்சா மாவு ஒட்டுது. முந்தாநாள்கூட நான் தேய்ச்சுப் பாத்தேன். நேத்து பூரா மழை. இன்னைக்குக் காலைல எங்க மேலாளர் அந்தத் தகட்டக் கழட்டி, விதி எழுதற குழு முன்னால வெக்கறாரு. புதுசு மாதிரி பளபளன்னு இருக்கு!"

"தொட்டுப் பாத்தீங்களா?"

"விட்டாத்தானே! மேசைக்கு அந்தப் பக்கம் வெச்சுக்கிட்டு, நான் பொய்யா அளவு எழுதினேன்னு வெளிய அனுப்பிட்டாங்க. மதியம் கூட்டத்துல வெயில் சோதனையவே விதிலேர்ந்து எடுக்கப் போறாங்க. கூடவே என்னையும் வேலைய விட்டு எடுக்கறாங்க. இந்தத் தொழில்ல இனி எவன் என்னை நம்புவான்?"

"நேத்து மாடிக்கு யாரு போனது?"

பதில் சொன்னது சித்தப்பா. "மூணு பேரும்மா. மேலாளர் தண்ணி தேங்குதான்னு பாக்கப் போனாரு. குழுத் தலைவர் போன் பேசப் போனாரு. நானும் குழுல ஒரு உறுப்பினர்தான், சின்னப் பட்டறைக்காரங்க சார்புல. சாயங்காலம் மழை விட்டதும் காத்து வாங்கப் போனேன். அந்த மாடிக்கு நேத்துதான் முதல் தடவை. மூணு பேர்ல என்னையும் சேத்துக்குங்க. யாரா இருந்தாலும் விடாதீங்க."

"சித்தப்பா, சும்மா இருங்க" என்றாள் பட்டாசு. அவளுடைய குரல் முதல் முறையாகத் தணிந்தது.

சித்தப்பாவின் பட்டறை வேனிலேயே ஆய்வுக்கூடத்துக்குப் போனார்கள். வாசலில் இரட்டைக் கதவு. சித்தப்பா படியேறும்போதே, "வலது கதவத் தள்ளுங்க தம்பி, இன்னொண்ணு தாழ் போட்டிருக்கும்" என்றார். கொழுந்தன் தன் வலது பக்கத்துக் கதவை ஆவேசமாகத் தள்ளித் தோளை இடித்துக்கொண்டான். அது அசையவில்லை. "அட, இதுங்க" என்று சித்தப்பா கை நீட்டி மற்றக் கதவைத் திறந்துவிட்டார். பாவம், மகள் மாதிரி வளர்த்த பெண்ணுக்கு இப்படி ஆனதில் மனிதர் தடுமாறுகிறார் என்று கொழுந்தன் நினைத்துக்கொண்டான். அண்ணி தாழ் போட்டிருந்த கதவை ஒரு கணம் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

கூட்ட அறையில் மேலாளரின் தோரணை, தீர்ப்பு எழுதி முடித்த நீதிபதியைப் போல இருந்தது. ஒரு பெண்ணின் பிழைப்பு போகிறதே என்ற பதைப்பு அந்த முகத்தில் மருந்துக்கும் இல்லை. குழுத் தலைவர், ஓய்வு பெற்ற பேராசிரியர், கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சீக்கிரம் முடிந்தால் சரி என்பதுதான் அவருடைய விதிமுறை.

"வெளியாளை எல்லாம் கூட்டிட்டு வந்து பூசி மெழுகினா நடந்தது மாறிடுமா?" என்றார் மேலாளர்.

"பூசறதப் பத்தித்தானே பேச வந்திருக்கோம்" என்றாள் அண்ணி. மேசைமேல் இருந்த பழுப்புத் தகட்டைக் கையில் எடுத்தாள். மேல் விளிம்பில் மாட்டுவதற்கான துளை. ஒரு பாதி சுத்தமாக இருந்தது. மறு பாதியில் தூசி படிந்திருந்தது. பின்பக்கம் திருப்பினாள். எண் ஒட்டிய சீட்டு. அதன் பக்கத்தில், வலது ஓரமாக, பென்சிலால் ஒரு சின்ன டிக்.

"எதுல வெச்சு அளந்தீங்க சார்?"

"சுத்தமா இருக்கற பாதில. அப்படித்தான் அளக்கணும்."

"தகட்டுப் பின்னால பென்சில்ல குறி போடுவீங்களாம்மா?"

"மாட்டவே மாட்டோம்" என்றாள் பட்டாசு. "சீட்டு மட்டும்தான்."

"எல்லாரும் மாடிக்கு வாங்க."

மேலாளர் முணுமுணுத்தார். கொழுந்தன் அவருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டதும் நடந்தார்.

மாடி காய்ந்து கிடந்தது. அண்ணி படிக்கட்டு அறையின் இரட்டைக் கதவை வெளியிலிருந்து சாத்தச் சொன்னாள். தன் பையிலிருந்து ஒரு சாக்பீஸை எடுத்தாள். "எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க. நேத்து மாடிக்கு வந்த மூணு பேரும் ஒவ்வொருத்தரா வந்து, வலது கதவுல ஒரு கோடு போடணும். அவ்வளவுதான்."

"இது என்ன சின்னப் புள்ளை விளையாட்டு?" என்றார் தலைவர். ஆனாலும் போட்டார். மேலாளர் அழுத்தமாகக் கிழித்தார். அவர்களுக்கு முன்பே, முதல் ஆளாகப் போன சித்தப்பா பட்டறைக்காரருக்கே உரிய நேர்த்தியோடு போட்டுவிட்டு வந்திருந்தார்.

அண்ணி அந்தக் கதவைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. தகடுகள் மாட்டியிருந்த சட்டத்துக்குப் போய், காலியாக இருந்த இடத்தில் பழுப்புத் தகட்டை அதன் துளையில் மாட்டினாள்.

"தள்ளி நின்னு பாருங்க."

பட்டாசுதான் முதலில் பார்த்தாள். "அடப்பாவிங்களா!"

வெள்ளை, சாம்பல், பச்சை, கறுப்பு என்று எல்லாத் தகடுகளிலும் வலது பாதி சுத்தமாக இருந்தது. இடது பாதியில் எந்த மழைக்கும் போகாத கறை. நடுவில் பழுப்புத் தகட்டில் மட்டும் சுத்தமான பாதி இடப்பக்கம் இருந்தது.

"தலைகீழா மாட்டியிருப்பாங்களோ?" என்றான் கொழுந்தன்.

"துளை மேலதான் இருக்கு. வேற மாதிரி மாட்டவே முடியாது" என்றாள் அண்ணி. "இது இவங்க தகடு இல்ல. யாரோ நல்ல பூச்சா பூசி, எங்கயோ வெயில்ல போட்டுத் தூசி ஏத்தி, ஒரு பாதியக் கழுவிக் கொண்டுவந்து, பழைய தகட்டுச் சீட்ட இதுல ஒட்டி மாட்டியிருக்காங்க. விதி தெரிஞ்ச ஆளு. வலது பாதியக் கழுவணும்னு தெரியும். ஆனா தப்புப் பாதியக் கழுவிட்டாரு."

"மாட்டும்போது பக்கத்துத் தகடப் பாத்தாலே தெரிஞ்சிருக்குமே?"

"நேத்து எல்லாமே நனைஞ்சு கிடந்தது. நனைஞ்ச தகட்டுல அழுக்குத் தெரியாது. காலைல காஞ்சதும் தெரிஞ்சிருக்கும். அதுக்குள்ள மேலாளர் கழட்டிக் கீழ கொண்டு போயிட்டாரு. பக்கத்துல வெச்சுப் பாக்க யாருக்கும் தோணல. பளபளப்பு கண்ண மறைச்சிடுச்சு."

மேலாளர் ஓரடி முன்னால் வந்தார். "அதுக்காக என்னைச் சந்தேகப்படறீங்களா?"

"இல்ல. நீங்க அவசரப்பட்டீங்க, அது வேற குத்தம். வலதை இடதுன்னு நினைக்கற அளவுக்கு யாரும் முட்டாள் இல்ல. அந்த ஆளைப் பொறுத்தவரை அவர் கழுவினது சரியான வலது பாதிதான்." அண்ணி தகட்டைக் கழற்றிப் பின்பக்கத்தைக் காட்டினாள். "பின்னாலேர்ந்து பாத்து, வலப் பக்கம் டிக் போட்டிருக்காரு. அந்தப் பாதியத்தான் கழுவியிருக்காரு. ஆய்வுக்கூடத்துக்காரங்க வெயில் படற முகத்தப் பாத்துதான் வலம் இடம் சொல்லுவாங்க. பேராசிரியரும் அப்படித்தான். ஒரு பொருளை எப்பவும் பின்னாலேர்ந்து, அதாவது வீட்டுக்குள்ளேர்ந்து வெளிய பாத்து, வலம் இடம் சொல்றவங்க யாரு?"

அண்ணியே பதிலும் சொன்னாள்.

"ஜன்னல் செய்யறவங்க. தெருவுல நின்னாலும் மாடில நின்னாலும் அவங்களுக்கு வலதுன்னா உள்ளேர்ந்து பாக்கற வலதுதான். என் கொழுந்தன் தோள் அதுக்கு முதல் சாட்சி. ரெண்டாவது சாட்சி அதோ."

எல்லாரும் திரும்பினார்கள். வலப்பக்கக் கதவில் இரண்டு கோடுகள். இடப்பக்கக் கதவில் நேர்த்தியாக ஒரே ஒரு கோடு.

பட்டாசு அந்த ஒற்றைக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். சிறு வயதில் அவளுடைய நோட்டுகளுக்கெல்லாம் கோடு போட்டுக் கொடுத்த கை அது. மெல்லத் திரும்பினாள்.

"சித்தப்பா?"

"ஒரு கோட்ட வெச்சுக்கிட்டு..." என்று ஆரம்பித்தார் அவர்.

"உங்க வேனைத் திறந்து காட்டச் சொல்லவா ஐயா?" என்றாள் அண்ணி. "நிஜத் தகடு எங்க?"

சித்தப்பா வேன் சாவியை எடுத்து நீட்டினார். "சீட்டுக்கு அடில. சாக்குல சுத்தி வெச்சிருக்கேன். நல்ல அலுமினியம், தூக்கிப் போட மனசு வரல."

கொழுந்தன் சாவியை வாங்கிக்கொண்டு நாலு நாலு படியாகத் தாவி இறங்கினான்.

"கண்ணு, நான் சொல்றதக் கேளு. அந்தப் பூச்சுலதான் நான் நூத்துக்கணக்கா ஜன்னல் மாட்டியிருக்கேன். இந்த விதி வந்துட்டா அத்தனை பேரும் என் பட்டறை வாசல்ல நிப்பாங்க. அளவு எழுதினதுல ஏதோ தப்புன்னு விட்டுடுவாங்கன்னு நினைச்சேன். வேலையவிட்டுத் தூக்குவாங்கன்னு சத்தியமா நினைக்கல."

"நினைக்கலையா? காலைல என்னைத் திருடி மாதிரி வெளிய அனுப்பினாங்களே, அப்ப பக்கத்து நாற்காலிலதானே உக்காந்திருந்தீங்க? அப்பகூட வாய் திறக்கலையே! சாப்பிடும்போது நான் சொன்ன அளவெல்லாம் கேட்டுக்கிட்டு, என் தலைலயே கட்டப் பாத்திருக்கீங்க. என் பையத் தூக்கிக்கிட்டு அண்ணி வீட்டுக்கு வேற வந்தீங்க!"

அவள் அழவில்லை. அழுதால் அவர் தேற்ற வருவார் என்று அவளுக்குத் தெரியும். அந்தக் கை தன்மேல் படுவதை அவள் விரும்பவில்லை.

கொழுந்தன் சாக்கைப் பிரித்துத் தகட்டை நீட்டினான். தலைவர் விரலால் தேய்த்தார். நுனியில் பழுப்பு மாவு அப்பிக்கொண்டது. வலது பாதியிலும் தேய்த்தார், இடது பாதியிலும் தேய்த்தார். இந்த இரண்டு ஆண்டுகளில் அவர் அந்தத் தகட்டைத் தொட்டது அதுதான் முதல் முறை. சொல்ல வெட்கக்கேடு.

"வெயில் சோதனை விதில இருக்கும்மா" என்றார். "உங்க வேலையும் இருக்கும்."

"இருக்கும்னு நீங்க சொல்ல வேண்டாம் சார். காலைல தொட்டுப் பாத்திருந்தா போதும்." பட்டாசு மேலாளரின் சட்டைப் பையிலிருந்து கேட்காமலேயே பேனாவை எடுத்து, தலைவர் கையிலிருந்த விதியின் வரைவை வாங்கி அதில் நின்றபடியே ஒரு வரி சேர்த்தாள்: வலம், இடம் என்பவை வெயில் படும் முகத்துக்கு எதிரே நின்று பார்ப்பவரின் வலமும் இடமும் ஆகும். மேலாளர் பேனாவைத் திருப்பிக் கேட்கவில்லை.

"வீட்டுக்கு வாம்மா, உக்காந்து பேசலாம்" என்றார் சித்தப்பா.

"நீங்க முதல்ல வீடு வீடா போங்க. உங்க ஜன்னல் போட்ட ஒவ்வொரு கதவையும் தட்டுங்க. 'நீங்க சரியா துடைக்கல'ன்னு சொன்ன அதே வாயால, 'நீங்க நல்லாத்தான் துடைச்சீங்க, நான்தான் ஏமாத்தினேன்'னு சொல்லுங்க. அத்தனை பேருக்கும் சொல்லி முடிச்ச பிறகு என் கதவத் தட்டுங்க. திறக்கறதா வேண்டாமான்னு அப்ப பாக்கறேன்."

அவர் அவளுடைய கைப்பையைத் தரையில் வைத்துவிட்டுப் படியிறங்கினார். கூடப் போக யாரும் நகரவில்லை.