குடையைச் சுற்றி ஒரு வரி

பென்சிலின் முனையைக் கொறித்துக் கொறித்தே அவளுக்கு அணில் என்று பெயர் வந்துவிட்டது. வகுப்பில் வைத்த பெயர் வீட்டுக்கும் வந்து, இப்போது அம்மாவே அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

வாயைத் திறந்தால் அணில் லேசில் மூடமாட்டாள். சாப்பிடும்போது பேசுவாள், பல் தேய்க்கும்போதும் பேசுவாள். அப்படிப்பட்டவளுக்கு ஒரே ஓர் ஆளின் முன்னால் மட்டும் பேச்சு வராது. அந்த ஆள் விசிலக்கா.

பள்ளிக்கு முன்னால் நாலு சாலைகள் சேரும் இடத்தில், காலையும் மாலையும் வண்டிகளை நிறுத்திப் பிள்ளைகளைச் சாலை கடக்க வைப்பவர் அவர். எப்போதும் கழுத்தில் விசில் தொங்குவதால் விசிலக்கா. இதற்கு முன்பெல்லாம் அணில் அவரோடும் வளவளவென்று பேசிக்கொண்டுதான் இருந்தாள். போன வாரம் பெய்த மழையில் எல்லாம் மாறிப்போனது.

அன்று சாலையைக் கடக்கும்போது அணிலின் பென்சில் பெட்டி கைநழுவி விழுந்து வாயைப் பிளந்துகொண்டது. பென்சில்கள் நாலாபக்கமும் உருண்டன. சாலை என்பதையே மறந்து அவள் திரும்பி ஓடிக் குனிந்தாள். அந்த நேரம் பார்த்து ஒரு வேன் மூலையில் வேகமாகத் திரும்பியது.

விசிலக்கா ஊதினார். மழைச் சத்தத்தில் ஓட்டுநருக்குக் கேட்கவில்லை. உடனே தன் கையில் விரித்திருந்த குடையை அப்படியே வேனின் கண்ணாடிமேல் வீசி எறிந்தார். ஓட்டுநர் பதறிப்போய் பிரேக்கை மிதித்தார். வேன் நின்றது. அணில் பிழைத்தாள். குடைதான் சக்கரத்தின் அடியில் போய்க் கம்பி கம்பியாக நொறுங்கிவிட்டது.

விசிலக்கா திட்டவில்லை. "அடி படலையே? சரி, வகுப்புக்குப் போ" என்று மட்டும் சொன்னார்.

அன்றிலிருந்து மழை பெய்தால் அவர் தலையில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். அதைப் பார்க்கும்போதெல்லாம் அணிலுக்கு நெஞ்சு உறுத்தியது. நன்றி சொல்லவேண்டும் என்று தினமும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போவாள். பக்கத்தில் போனதும் தொண்டை அடைத்துக்கொள்ளும். "குட் மார்னிங்க்கா" என்று முணுமுணுத்துவிட்டு ஒரே ஓட்டமாக ஓடிவிடுவாள்.

தாங்க முடியாமல் ஒருநாள் சாயங்காலம் அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. அணிலை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, வெகுநேரம் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

அம்மா ஒரு சின்ன அச்சுக் கடை வைத்திருக்கிறாள். பனியன், கோப்பை, தொப்பி என்று எது கொண்டுவந்தாலும் அதன்மேல் படமோ எழுத்தோ பதித்துக் கொடுப்பாள். மறுநாள் கடையில் பரண்மேல் ஏறி ஒரு பெரிய மஞ்சள் குடையை இறக்கினாள். குடைக் கம்பெனிக்காரர்கள் மாதிரிக்காகக் கொடுத்தது, ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

"இது விசிலக்காவுக்கு. நம்ம வீட்டுல எல்லாருமே அவங்களுக்கு நன்றி சொல்லணும். என்ன எழுதணுமோ, நீயே கம்ப்யூட்டர்ல செஞ்சு கொடு."

கடையில் இன்னொருவர் உண்டு. சூடான இயந்திரத்தில் எழுத்துகளைத் துணியில் ஒட்டவைக்கும் வேலை அவருடையது. அணிலுக்கு அவர் பிரஸ் மாமா. நன்றி மட்டும் எழுதினால் போதாது, வண்டிக்காரர்களுக்கும் உபயோகமாக ஏதாவது இருக்கட்டும் என்று அவர் சொன்னார். அது அணிலுக்கும் சரியென்று பட்டது. இரண்டையும் சேர்த்தாள்.

'பிள்ளைகள் கடக்கும் இடம், மெதுவாக வாருங்கள். எங்களைக் காக்கும் விசிலக்காவுக்கு எங்கள் நன்றி.'

குடையின் விளிம்பைச் சுற்றி இந்த வரி வளையமாக ஓடவேண்டும். நாலு சாலையிலிருந்து வருகிறவர்களுக்கும் தெரியவேண்டும் அல்லவா?

கடைக் கம்ப்யூட்டரில் வரைந்து பழகியவள் அணில். திரையில் ஒரு பெரிய வட்டம் வரைந்தாள். மவுஸால் எழுத்துக் கருவியை எடுத்து, வட்டத்தின் கோட்டின்மேல் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் தட்டச்சு செய்தாள். எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து கோட்டின்மேல் கால் ஊன்றி நின்றன. வரி வளைந்து வளைந்து போய்த் தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்ந்தது. அணிலுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. நாற்காலியையும் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டாள்.

அம்மா எட்டிப் பார்த்து, பிரமாதம் என்றாள். பிரஸ் மாமாவோ கல்யாணப் பந்தலுக்கே இப்படி வளையம் போடலாம் என்றார். ஒட்டும் தாளில் கறுப்பு நிறம் ஒரு குடைக்கு மட்டுமே மிச்சம் இருந்தது. நாளைக்குப் பனியன் வேலை குவிந்துகிடப்பதால் இயந்திரமும் இன்று மட்டும்தான் சும்மா இருக்கும். அதனால் மாமா அதைச் சூடேற்றத் தொடங்கினார். எழுத்தை வெட்டி, குடையின் ஒவ்வொரு பட்டையிலும் ஒவ்வொரு துண்டாக ஒட்டவேண்டும். ஒட்டிவிட்டால் பிரிக்க முடியாது.

அதற்குள் அணிலுக்கு ஆசை பொறுக்கவில்லை. குடை எப்படி இருக்கும் என்று பார்க்கவேண்டுமே. வளையத்தைச் சாதாரணத் தாளில் அச்செடுத்து வட்டமாக வெட்டினாள். விளிம்பிலிருந்து நடுப்புள்ளி வரை ஒரு வெட்டு வெட்டி, கூம்பு மாதிரி மடித்து ஒட்டினாள். தண்ணீர் பாட்டிலின் தலையில் அதைக் கவிழ்த்தாள். குட்டிக் குடை தயார்.

மேசை உயரத்துக்குக் குனிந்து பக்கவாட்டில் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

எழுத்துகள் எல்லாமே தலைகீழாக நின்றன. பாட்டிலைத் திருப்பிப் பார்த்தாள். எந்தப் பக்கம் பார்த்தாலும் அதே கதிதான்.

"மாமா, ஒட்டாதீங்க" என்றாள்.

அம்மாவும் மாமாவும் வந்து குனிந்து பார்த்தார்கள். இருவருக்கும் தூக்கிவாரிப்போட்டது. இத்தனை வருடமும் பனியனில் மார்புக்கு நேராக ஒட்டியே பழகியவர்கள். தட்டையான திரையில் நடுவில் இருப்பது குடையில் உச்சிக்குப் போய்விடும் என்பது இருவருக்கும் தோன்றவே இல்லை.

துண்டு துண்டாகத்தானே ஒட்டப்போகிறோம், ஒவ்வொன்றையும் திருப்பி வைத்தால் ஆயிற்று என்றார் மாமா. அணில் தாளில் ஒரு துண்டை வெட்டித் திருப்பி வைத்துப் பார்த்தாள். எழுத்து நேரானது. ஆனால் குடையின் விளிம்பு ஒரு பக்கம் வளைய, வரி எதிர்ப்பக்கம் வளைந்து முறைத்துக்கொண்டு நின்றது. வட்டத்தையே சுழற்றிப் பார் என்றாள் அம்மா. சுழற்றினால் வரி இடம் மாறியதே தவிர, எழுத்துகள் நின்ற நிலை மாறவில்லை.

அணில் பென்சிலை எடுத்துக் கொறிக்க ஆரம்பித்தாள்.

இந்த எழுத்துகளுக்குக் கால் வட்டத்தின் நடுவைப் பார்க்கிறது, தலை வெளியே பார்க்கிறது. குடைக்கு வேண்டியது அப்படியே நேர்மாறு. தலை உச்சியைப் பார்க்கவேண்டும், கால் விளிம்பைப் பார்க்கவேண்டும். அப்படியானால் எழுத்துகள் கோட்டுக்கு வெளியே நிற்கக்கூடாது. உள்ளே வந்துவிடவேண்டும்.

திரையை உற்றுப் பார்த்தாள். வரியின் நடுவில் குச்சி மாதிரி ஒரு சின்ன அடையாளம் நீட்டிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்துக் கோட்டைத் தாண்டி உள்ளே இழுத்தாள். எழுத்துகள் மொத்தமும் ஒரே குதியில் வட்டத்துக்குள் வந்துவிட்டன.

"ஐயையோ, இப்பதான் தலைகீழா இருக்கு" என்றார் மாமா. அவர் சொன்னது பொய்யில்லை. திரையின் மேல்பாதியில் எழுத்துகள் வௌவால் மாதிரி தொங்கின.

"திரையில அப்படித்தான் மாமா தெரியும். கொஞ்சம் பொறுங்க."

உள்பக்கம் இடம் குறைவு என்பதால் எழுத்துகளின் தலைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. அளவைக் கொஞ்சம் குறைத்து, இடைவெளியைக் கூட்டிவிட்டாள். மறுபடி அச்செடுத்து, வெட்டி, கூம்பாக்கிப் பாட்டிலின்மேல் கவிழ்த்தாள். மூவரும் மூன்று பக்கமாகக் குனிந்தார்கள்.

மூன்று பக்கமும் எழுத்துகள் நிமிர்ந்து நின்றன.

மாமா மேசையைச் சுற்றி வந்து முழுவதையும் வாய்விட்டுப் படித்தார். பிறகு மறுபேச்சுப் பேசாமல் இயந்திரத்தின் பக்கம் போனார். அம்மா மகளின் தலையைக் கலைத்துவிட்டு, பென்சிலைச் சாப்பிட்டது போதும், கொஞ்சம் சோறும் சாப்பிடு என்றாள்.

காலையில் மழை கொட்டியது. மடித்த குடையைத் தூக்கிக்கொண்டு அணில் அம்மாவோடு போனாள். விசிலக்கா தலையில் பையோடு நின்றிருந்தார். அணில் குடையை நீட்டினாள். என்னென்னவோ சொல்ல நினைத்திருந்தாள், எதுவும் வரவில்லை.

"எனக்கா?" என்ற விசிலக்கா, சாலையோரத்தில் நனைந்துகொண்டு நின்ற சின்னப் பிள்ளைகளைப் பார்த்ததும் சட்டென்று குடையை விரித்துத் தலைக்குமேல் பிடித்து, அவர்களையும் உள்ளே இழுத்துக்கொண்டார்.

நாலு சாலையிலும் வண்டிகள் வேகத்தைக் குறைத்தன. ஒரு பேருந்து ஓட்டுநர் கழுத்தை நீட்டிப் படித்துவிட்டுக் கையை உயர்த்தி வணக்கம் வைத்தார். விசிலக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. அண்ணாந்து பார்த்தார். உள்ளேயிருந்து பார்த்தால் மஞ்சள் துணியும் கம்பிகளும்தான் தெரிந்தன.

"எல்லாரும் பாத்துட்டுப் போறாங்களே, வெளியே என்ன எழுதியிருக்கு? நீதான் படிச்சுச் சொல்லேன்."

அணில் அம்மாவைப் பார்த்தாள். அம்மா போ என்பதுபோலத் தலையசைத்தாள்.

வரி எங்கே தொடங்குகிறதோ அங்கே போய் நின்று, மழையில் நனைந்துகொண்டே படிக்க ஆரம்பித்தாள் அணில். வளைந்து போகிற வரி ஆயிற்றே, நின்ற இடத்திலிருந்து படிக்க முடியுமா? விசிலக்காவைச் சுற்றி மெல்ல நடந்தபடியே படித்தாள். 'பிள்ளைகள் கடக்கும் இடம்' என்றபோது குரல் கம்மியது. 'மெதுவாக வாருங்கள்' என்றபோது கொஞ்சம் தெளிந்தது. அரைச் சுற்றுப் போனபோது, அடைத்திருந்தது எல்லாம் திறந்துகொண்டது.

"எங்களைக் காக்கும் விசிலக்காவுக்கு எங்கள் நன்றி" என்று படித்து முடித்தவள், எழுதாததையும் சேர்த்துச் சொன்னாள். "அன்னைக்கு நீங்க இல்லேன்னா நான் இல்லக்கா. ரொம்ப நன்றிக்கா."

விசிலக்கா விசிலை வாய்க்குக் கொண்டுபோனார். ஊத வரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு தடவை சுத்தி வந்து படி" என்றார்.

அணில் படித்தாள். வண்டிகள் எல்லாம் அதுவரை காத்திருந்தன.