ஐந்து விரலிலும் ஒரே சுருக்கம்

டீ டம்ளரை மேசையோரம் வைத்துவிட்டு மனைவி கையை எடுத்தபோதுதான் கப்பல்காரர் அதைக் கவனித்தார். விரல் மூட்டின் மேல் தோல் சுருங்கியிருக்கும் அல்லவா, அந்தச் சுருக்கத்தில் நடுக்கோடு இடது பக்கமாக ஒரு சின்னக் கொக்கிபோல் வளைந்திருந்தது. ஆள்காட்டி விரலில் அப்படி. நடுவிரலிலும் அப்படியே. மோதிர விரல், சுண்டுவிரல், கட்டைவிரல் எல்லாவற்றிலும் அதே கொக்கி, அதே பக்கம், அதே அளவு.

வேறு யார் கண்ணிலும் பட்டிருக்காது. இவர் பிழைப்பே அதுதான். பெட்டியில் துண்டு துண்டாக வரும் பிளாஸ்டிக் பாய்மரக் கப்பலை ஒட்டி, நூறு வருஷம் கடலில் ஊறிய மரம் என்று பார்ப்பவர் சத்தியம் செய்யும்படி பெயிண்ட் அடித்துக் கொடுப்பார். கப்பல்காரர் என்றால்தான் தெருவில் ஆளைத் தெரியும். மணல் நிறத்தில் ஒரு பூச்சு, அது காய்ந்ததும் அடர் பழுப்பில் ஆயில் பெயிண்ட், அது காய்வதற்குள் வறண்ட பிரஷ்ஷால் ஒரே இழுப்பு. ரேகை விழுந்துவிடும். இதையெல்லாம் யார் வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளலாம். கை களைக்கும்போதுதான் குட்டு உடையும். களைத்த கை ஒரு பலகையில் போட்ட கணுவையே அடுத்த பலகையிலும் போட்டுவைக்கும். மரம் ஒருநாளும் அப்படிச் செய்யாது. வேறு யாராவது அடித்த கப்பலைக் கடைக்காரர் கொண்டுவந்து காட்டினால், இவர் முதலில் தேடுவது அந்த ஒரே மாதிரிக் கணுவைத்தான்.

"டீ ஆறுது," என்றாள் அவள்.

"குடிக்கிறேன்."

அவள் போகவில்லை. கதவருகே நின்று அவர் கையிலிருந்த பிரஷ்ஷையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே மதிய மழை ஓட்டின்மேல் ஒரே சீராக விழுந்துகொண்டிருந்தது. ஜன்னல் வழியே வந்த வெளிச்சம் கழுவிய துணிபோல் வெளுத்திருந்தது. அறை முழுக்க பெயிண்டைக் கரைக்கும் டர்பன்டைன் நெடி, ஈரச் சுவரின் வாடை. முன்பெல்லாம் அவள் இந்த அறைப் பக்கமே வரமாட்டாள். "தலையை வலிக்குது, கதவைச் சாத்துங்க" என்று கல்யாணமான நாளிலிருந்து ஒரே பாட்டு. திரும்பி வந்ததிலிருந்து ஒருமுறைகூடச் சாத்தச் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து மூன்று வாரம் ஆகிறது. நாற்பது நாள் காய்ச்சல், அதில் பதினொரு நாள் நினைவே இல்லை. மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போன மறுநாள் காலை, எழுந்து உட்கார்ந்திருந்தாள். மகள் போனில் விக்கி விக்கி அழுதாள். அக்கம்பக்கத்தார் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அவருக்கு மட்டும் ஒன்றுமே தோன்றவில்லை. சந்தோஷம் இல்லை, நிம்மதி இல்லை, அழுகையும் வரவில்லை. முப்பத்தொரு வருஷம் கூட இருந்தவள் பிழைத்து வந்திருக்கிறாள், நாம் கல்லாக உட்கார்ந்திருக்கிறோமே என்று தன்மேலேயே வெறுப்பாக இருந்தது. காய்ச்சல் அவளுக்கு வந்ததா நமக்கு வந்ததா என்று கூட நினைத்தார்.

இன்று நாலு மணிக்கு மகள் வருகிறாள், ஐந்து மாதக் கைக்குழந்தையோடு. பிரசவ லீவு முடிந்துவிட்டது. இனி குழந்தை இங்கேதான், பகலெல்லாம் பாட்டியிடம். "அம்மா இருக்காங்கல்ல, எனக்கென்ன கவலை" என்று நேற்றுதான் சொன்னாள்.

மணி இரண்டேகால்.

மனைவி படுக்கப் போனாள். போகும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தார். காலடி கேட்டது, கதவு கேட்டது. கட்டில் மட்டும் கேட்கவில்லை. யார் உட்கார்ந்தாலும் முனகும் பழைய கட்டில் அது. பூனை ஏறினாலே முனகும்.

மேசையைப் பார்த்தார். டர்பன்டைன் பாட்டில் பாதிக்குக் கீழே இருந்தது. வாங்கி நாலு நாள்தான். மெல்லிய பிரஷ், கோடு போடுகிற பிரஷ், டம்ளரில் தலைகீழாக, முடி கீழே இருக்கும்படி நின்றது. அவர் அப்படி வைக்கவே மாட்டார், முடி வளைந்துபோகும். வயசாகிறது, மறதி என்று இத்தனை நாள் தன்னையே திட்டிக்கொண்டிருந்தார்.

பஞ்சைக் கிழித்து டர்பன்டைனில் நனைத்தார். பைத்தியக்காரத்தனம்தான். ஒருமுறை துடைத்துப் பார்த்துவிடுவோம், ஒன்றும் இருக்காது, மகள் வந்ததும் குழந்தையை இவள் மடியில் நிம்மதியாகக் கொடுக்கலாம். அவ்வளவுதான் அவர் கணக்கு.

படுக்கையறையில் திரை போட்டிருந்தது. அவள் மல்லாந்து கிடந்தாள். தலையணையில் பள்ளம் விழவில்லை. கழுத்துச் சுருக்கம் மூன்று. மூன்றும் ஒரே இடத்தில் முறிந்தன. முழங்கையில் புள்ளிகள். இரண்டு சிறியது, ஒன்று பெரியது. கொஞ்சம் தள்ளி, மறுபடி இரண்டு சிறியது, ஒன்று பெரியது.

மணிக்கட்டில் பஞ்சை வைத்தார்.

துடைத்தார்.

பஞ்சு பழுப்பானது.

அழுக்கு என்று நினைத்துக்கொண்டார். பஞ்சைத் திருப்பினார். மறுபடி துடைத்தார். பழுப்புக்கு அடியில் மணல் நிறம். அதற்கும் அடியில் சாம்பல். வழவழவென்று. பெட்டியைப் பிரித்ததும் கப்பல் இருக்குமே, அந்தச் சாம்பல்.

பயம் வரவேண்டிய நேரம் அது. வரவில்லை. நின்றார். மழை பெய்தது.

"தெரிஞ்சிடுச்சா," என்றாள் அவள், கண்ணைத் திறக்காமலே.

பஞ்சு இன்னும் அவர் விரலில்தான் இருந்தது.

"எவ்வளவு போட்டாலும் எனக்கு ஒரே மாதிரிதாங்க வருது. நீங்க போட்டா நல்லா வரும்." துடைத்த மணிக்கட்டைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள். "நாலு மணிக்கு வந்துடுவாங்க. குழந்தை முகத்தைத்தான் உத்துப் பார்க்கும்."

"அவ எங்க?" என்று கேட்டார். தன் குரல் பக்கத்து வீட்டிலிருந்து வருவதாக இருந்தது.

அவள் கையை நீட்டினாள். அவர் விரலிலிருந்த பஞ்சை மெதுவாக உருவி எடுத்தாள். நெற்றியில் வைத்தாள். முகம் கழுவுகிறவள் மாதிரி ஒரே இழுப்பாகக் கீழே இழுத்தாள்.

புருவம் போனது. இமை போனது. உதடு போனது.

சாம்பல். நடுவில், உச்சந்தலையிலிருந்து மோவாய்வரை, மெலிதாக மேடிட்ட ஒரு கோடு. அச்சின் இரண்டு பாதியும் சேருகிற இடத்தில் பிதுங்கி நிற்கும் கோடு. பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் தேய்த்து எடுக்க வேண்டியது. யாரும் எடுக்கவில்லை.

கூடத்தில் போன் அடித்தது.

போய் எடுத்தார். மகள்தான்.

"அப்பா, பஸ் சீக்கிரமே வந்துடுச்சு. இன்னும் ஒரு மணி நேரத்துல வீட்டுல இருப்போம். அம்மா என்ன பண்றாங்க?"

வராதே என்று ஒரு வார்த்தை. திரும்பிப் போ என்று ஒரு வார்த்தை. நாக்கு நுனியில்தான் இருந்தது. குழந்தை போனுக்குப் பக்கத்தில் ஏதோ மழலையில் சொல்லிக்கொண்டிருந்தது. சொல்லிவிட்டால் அப்புறம் அந்தக் கட்டிலில் யாரும் இல்லை. இந்த வீட்டில் யாரும் இல்லை. அதை மட்டும் அவரால் தாங்க முடியாது. மூன்று வாரத்தில் முதல்முறையாக அவருக்குத் தோன்றிய ஒரே விஷயம் அது. அந்த முகம் அவருக்கு மனப்பாடம். சிரிக்கும்போது இடது கண்ணோரம் விழும் மூன்று கோடு, வலது ஓரத்தில் நாலு. ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது.

"அப்பா? கேக்குதா?"

"படுத்திருக்கா," என்றார். "வாங்க."

"எழுப்பாதீங்க, பாவம். நாங்க வந்தே எழுப்பிக்கிறோம்."

போனை வைத்தார். அறைக்குப் போய் உப்புத்தாள் எடுத்தார். இருப்பதிலேயே நைசானது. மணல் நிற டப்பா. பழுப்பு. மெல்லிய பிரஷ். விளக்கைக் கட்டில் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

நெற்றியிலிருந்து ஆரம்பித்தார். தேய்க்கத் தேய்க்கச் சாம்பல் பொடி தலையணையில் உதிர்ந்தது. மூக்குக்கு வந்தபோது, அவருக்குக் கை எட்டட்டும் என்று அவள் தலையைக் கொஞ்சம் சாய்த்துக் கொடுத்தாள்.